எண்ணிக்கை சரியாக இருந்தால் போதுமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வு பெற்ற வாத்தியார் எழுதுவது, அப்படித்தான் இருக்கும். வீட்டில் பெண் பிள்ளை இருப்பவர்கள் மட்டுமாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

டெங்கு வந்த நாளிலிருந்து நம் தென்காசிப் பக்கம் 'பிளேட்லெட்' என்ற சொல் தெரியாத வீடு கிடையாது. ஆய்க்குடியில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் காதில் விழும். "எவ்வளவு இருக்காம்?" "நேத்து எழுபதாயிரம், இன்னைக்கு ஒண்ணு இருபதாம்." "பப்பாளி இலைச் சாறு குடுத்தியளா?" படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போனால் கவலை, மேலே இருந்தால் நிம்மதி. நல்லதுதான். ஒரு ஊரே ரத்த அணுவின் கணக்கைத் தெரிந்து வைத்திருப்பதை 32 வருடம் அறிவியல் நடத்தியவன் குறை சொல்ல முடியுமா?

ஆனால் எத்தனை இருக்கிறது என்று கேட்கும் நாம், இருப்பவை வேலை செய்கின்றனவா என்று கேட்பதில்லை. நாம் கேட்காதது பெரிய விஷயமில்லை. மருத்துவமனைகளிலும் பல நேரம் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம். அதற்குக் காரணமான ஒரு பிள்ளையின் கதையை, பெற்றோரிடம் அனுமதி கேட்டுச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

அப்பா என் பழைய மாணவர். பாவூர்சத்திரம் சந்தைக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மனைவி அவருக்குத் தாய்மாமன் மகள். பிள்ளைக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயிலில் பங்குனி உத்திரத்தன்று காது குத்தினார்கள். காலையில் குத்திய காது சாயங்காலம் வரை கசிந்துகொண்டே இருந்தது. சாமிக்குக் குறை வைத்துவிட்டோம் என்று பெரியவர்கள் சொல்ல, அடுத்த வருடம் ஒரு கிடா வெட்டினார்கள். பால் பல் விழுந்தபோதும் அப்படியே. கோடையில் மூக்கில் ரத்தம் வரும், 'உடம்புச் சூடு' என்று தலையில் எண்ணெய் வைத்தார்கள். கையிலும் காலிலும் எப்போதும் நீலத் திட்டு இருக்கும். இவ்வளவு நீலமாக இருக்கிறதே, வீட்டில் அடிக்கிறார்களா என்று பள்ளியில் ஒரு முறை தாயைக் கூப்பிட்டு விசாரித்ததும் உண்டு.

13 வயதில் பெரியபிள்ளையானாள். சடங்கு முடிந்து பந்தல் பிரித்த பிறகும் உதிரம் நிற்கவில்லை. 19 நாள். ஹீமோகுளோபின் 5-க்கு இறங்கிவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு மருத்துவமனை, பிறகு இன்னொன்று. ரத்தம் ஏற்றினார்கள், ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். தட்டணு 2,40,000. உறைதல் சோதனைகள் எல்லாம் சரி. ஒரு இடத்தில், இப்படியே போனால் கர்ப்பப்பையை எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்றுகூடச் சொன்னார்களாம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு!

அந்த நேரத்தில்தான் அவர் ரிப்போர்ட் கட்டோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். "சார், எல்லாமே நார்மல்னு எழுதிருக்காவ. ஆனா பிள்ளைக்கு ரத்தம் நிக்க மாட்டேங்கு. எது சார் நார்மல்?"

கேள்வி நியாயமானது. நான் மருத்துவன் இல்லை, அதனால் மருந்து எதுவும் சொல்லவில்லை. காது குத்து, பல், மூக்கு, இப்போது இது என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் வயது வாரியாக எழுதி, மாமன் மகளைக் கட்டிய விவரத்தையும் சேர்த்து, ரத்த நோய்க்கென்று தனித் துறை இருக்கும் இடத்துக்குப் போகச் சொன்னேன். போனார்கள். அங்கே ஒரு சின்னக் குழாய் ரத்தம் எடுத்து ஒரு சோதனை செய்தார்கள். மறுநாள் முடிவு வந்தது. சி.டி.41: 2 சதவீதம். சி.டி.61: 3 சதவீதம். சி.டி.42பி: இயல்பு. இந்த மூன்று வரிக்கு அந்தக் குடும்பம் 13 வருடம் காத்திருந்தது.

இந்த மூன்று வரி என்ன சொல்கிறது என்று விளக்குகிறேன். வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நமக்குக் காயம் பட்டால் தட்டணுக்கள் அந்த இடத்துக்கு ஓடி வந்து ஒட்டிக்கொள்கின்றன. பிறகு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அடைப்பாகின்றன. கபடியில் ரெய்டு வருபவனை மடக்கக் கைகோத்து நிற்பார்கள் அல்லவா, அதுபோல. கோக்கிற கை என்பது தட்டணுவின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். ஃபைப்ரினோஜன் என்ற இன்னொரு புரதம் கயிறு மாதிரி நடுவில் வர, இரண்டு பக்கமும் இந்தக் கைகள் அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கை இரண்டு துண்டாகச் சேர்ந்து உருவாவது. ஒரு துண்டுக்கு சி.டி.41 என்றும் மற்றதற்கு சி.டி.61 என்றும் அடையாள எண் கொடுத்திருக்கிறார்கள். பிறவியிலேயே இந்தக் கை இல்லாமல் போனால், ஆள் எத்தனை பேர் வந்து நின்றாலும் சங்கிலி சேராது. வருகைப் பதிவேட்டில் எல்லோரும் ஆஜர், ஆட்டத்தில் ஒருவனும் பிடிக்க மாட்டான்.

இதற்குக் கிளான்ஸ்மன் திராம்பஸ்தீனியா என்று பெயர். 1918-ல் சுவிட்சர்லாந்தில் எட்வர்ட் கிளான்ஸ்மன் என்ற குழந்தை மருத்துவர் இதை விவரித்தார். தட்டணு எண்ணிக்கை சரியாக இருந்தும் ரத்தம் நிற்காத பிள்ளைகளைப் பார்த்துத்தான் அவர் யோசித்தார். நூறு வருடம் கழித்து நம் ஊரில் அதே எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு 'நார்மல்' என்று எழுதி அனுப்புகிறோம்.

உலகக் கணக்கில் பத்து லட்சத்தில் ஒருவருக்கு என்பார்கள். ஆனால் சொந்தத்தில் கட்டும் வழக்கம் உள்ள இடங்களில் இது அதிகம். மருத்துவ நூல்கள் இந்த நோய் கூடுதலாகத் தென்படும் மக்களைச் சொல்லும்போது அரபு நாட்டார், ஈராக்கிய யூதர், பிரான்சின் ஜிப்சிகள் ஆகியோருடன் தென்னிந்தியர்களையும் சேர்த்தே சொல்கின்றன. ஆக, பாடப்புத்தகத்தில் நம் பெயர் இருக்கிறது. நம் மாவட்ட ஆய்வகங்களில்தான் இந்த நோயின் பெயர் இல்லை.

சரி, அந்தச் சோதனைக்கு வருவோம். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்பார்கள். ஒரு குறிப்பிட்ட அடையாளத்தில் மட்டும் போய் ஒட்டும் எதிர்ப்புரதத்தில் ஒளிரும் சாயத்தைக் கட்டி ரத்தத்தில் கலக்கிறார்கள். பிறகு அணுக்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரு மெல்லிய நீரோட்டத்தில் ஓடவிட்டு லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். சீசனில் ஐந்தருவியில் கூட்டத்தை வரிசையாக விட்டு ஒவ்வொருவராகப் பார்ப்பதுபோல. அடையாளம் இருக்கும் அணு மின்னும், இல்லாதது மின்னாது. விநாடிக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிவிடும். அந்தப் பிள்ளையின் தட்டணுக்கள் சி.டி.42பி-க்கு மின்னின. ஆகவே அவை தட்டணுக்கள்தான், வந்து நிற்கின்றன. 41-க்கும் 61-க்கும் மின்னவில்லை. கை இல்லை. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இதே சோதனை தலைகீழாகவும் உதவும். 42பி மட்டும் மின்னாமல், தட்டணு பெரிது பெரிதாக, எண்ணிக்கையும் குறைவாக இருந்தால் அது பெர்னார்ட்-சூலியே என்ற வேறொரு பிறவிக் கோளாறு. 1948-ல் இருவர் கண்டறிந்தது. எண்ணிக்கை குறைவு என்பதை மட்டும் பார்த்து அந்தப் பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்த கதைகள் உலகம் முழுக்க உண்டு. அதையும் ஒரு குழாய் ரத்தம் தடுத்திருக்கும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். சில பிள்ளைகளுக்குக் கை இருக்கும், பிடிக்கும் சக்திதான் இருக்காது. அவர்களுக்கு இந்தச் சோதனை சரி என்றே காட்டும். அப்போது தட்டணுக்கள் சேர்கின்றனவா என்று நேரடியாகப் பார்க்கும் அக்ரிகோமெட்ரி வேண்டும். அதற்கு ரத்தம் நிறைய வேண்டும், எடுத்த சில மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். அதாவது பிள்ளை அந்த ஊருக்குப் போயே ஆக வேண்டும். ஃப்ளோ சைட்டோமெட்ரியின் பெரிய வசதி இங்கேதான். பிள்ளை வீட்டில் இருக்கலாம், ரத்தக் குழாய் பயணம் போகும். மறுநாளுக்குள் போய்ச் சேர்ந்தால் போதும்.

மறுநாளுக்குள் தென்காசியிலிருந்து எது போகவில்லை சொல்லுங்கள். சாயங்காலம் பொதிகையில் ஏறினால் விடிந்ததும் சென்னை. புளியங்குடி எலுமிச்சை போகிறது, பாவூர்சத்திரம் காய்கறி மலை தாண்டிக் கேரளா போகிறது. வாடினால் விலை போய்விடும் என்று அவ்வளவு அக்கறை.

"இதெல்லாம் பெரிய ஊர் சமாச்சாரம், நமக்குச் சரிப்படாது" என்று யாராவது சொல்வீர்கள். அவர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறேன். 'சி.டி.' என்ற சொல் நம் அரசாங்கத்துக்குப் புதிது இல்லை. 2004 ஏப்ரல் 1-ல் எச்.ஐ.வி.க்கு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். முதல் 8 மருத்துவமனைகளில் நம் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. சி.டி.4 எவ்வளவு என்று பார்த்துத்தான் அப்போது மருந்தைத் தொடங்குவார்கள். அதற்காகச் சிறு ஊர்களில் எடுத்த ரத்தம், இயந்திரம் இருக்கும் மையத்துக்குக் குறித்த நாளில் போய், முடிவு திரும்பி வந்தது. அந்த சி.டி.4 இயந்திரங்கள் பெரும்பாலும் அந்த ஒரு வேலைக்கென்றே ஆனவை, தட்டணுவுக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியும். நான் சொல்வது அந்த ஏற்பாட்டை. ஏழை நோயாளியின் ரத்தத்தை இயந்திரம் இருக்கும் ஊருக்கு ஒழுங்காக அனுப்பி முடிவு வாங்கித் தர இந்த நாட்டுக்குத் தெரியும். 20 வருடத்துக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறோம்.

நம் மாவட்டத்துக்கு இது இன்னும் அவசியம். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானோம். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். தென்காசி அந்தப் பட்டியலில் இல்லை. பெரிய வைத்தியம் என்றால் இன்றும் பாளையங்கோட்டைக்குத்தான் பஸ் ஏறுகிறோம். கல்லூரி வரட்டும், வரும் வரைக்கும் ரத்தக் குழாயாவது போகட்டும் என்கிறேன்.

இதைவிட எரிச்சலான விஷயம் ஒன்று. இயந்திரம் இல்லாமலே சந்தேகப்பட வழி இருக்கிறது. விரல் நுனியில் குத்தி, அந்தச் சொட்டை நேராகக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நமக்கெல்லாம் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாகத் தெரியும். இந்த நோயில் தனித்தனியாகக் கிடக்கும். இப்போது எல்லா ஆய்வகத்திலும் ரத்தத்தை உறையாமை மருந்து போட்ட குழாயில் எடுத்து எண்ணும் மெஷினில் கொடுத்துவிடுகிறார்கள். அந்த மருந்தில் பொதுவாக யாருடைய தட்டணுவும் கொத்தாகச் சேராது. வசதி வந்தது, துப்பு போய்விட்டது. இன்னொன்று, மருந்து போடாத கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை உடல் சூட்டில் வைத்தால் உறைந்த கட்டி ஒன்றிரண்டு மணி நேரத்தில் சுருங்கி, மஞ்சள் நீர் பிரியும். இந்தப் பிள்ளைகளின் கட்டி சரியாகச் சுருங்காது. இதற்கு என்ன செலவு? எங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே அந்தக் குழாய் உண்டு. அறுவைக்கு முன் காதில் குத்திப் பார்க்கும் 'ரத்தம் நிற்கும் நேரம்' இந்த நோயில் நீண்டுபோகும். அதை எத்தனை இடத்தில் உண்மையாகவே கடிகாரம் பார்த்துச் செய்கிறார்கள், எத்தனை இடத்தில் '2 நிமிடம்' என்று ஒப்புக்கு எழுதுகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

ஒரு கிளைக்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கை இல்லாதவர்களுக்கு ரத்தம் அடைப்பதில்லை என்பதைப் பார்த்து, மாரடைப்பில் அடைப்பு உண்டாகும்போது இதே கையைத் தற்காலிகமாகக் கட்டிப்போடும் மருந்துகளைச் செய்தார்கள். அவற்றில் ஒன்றான டைரோஃபைபன், சுருட்டை விரியனின் விஷத்தில் இருக்கும் ஒரு புரதத்தைப் பார்த்து வடிவமைத்தது. நம் காட்டு வரப்பில் கிடக்கும் அதே சுருட்டை விரியன். இந்த அரிய நோய்க்காரர்களால் உலகத்தின் இதய நோயாளிகளுக்கு மருந்து கிடைத்தது. அவர்களுக்கு நாம் ஒரு சோதனையாவது செய்து தரலாம்.

"நோயின் பெயர் தெரிந்து என்ன ஆகப் போகிறது, குணமாகவா போகிறது?" என்று அந்தப் பிள்ளையின் ஆச்சியும் கேட்டார். நிறைய ஆகும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் தொடக் கூடாது. காய்ச்சல் என்று போனதும் நம் ஊரில் இடுப்பில் போடும் ஊசி கூடாது. மாதவிடாய்க்கு ஹார்மோன் மாத்திரையும் டிரனெக்ஸாமிக் ஆசிட் மாத்திரையும் பெரும்பாலும் கட்டுப்படுத்திவிடும். பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகும் பெண்களுக்காக ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோ என்ற பெண் ஆராய்ச்சியாளர் கணவரோடு சேர்ந்து 1960-களில் கண்டுபிடித்த மருந்து அது. விலை அதிகமில்லை.

இன்னொன்று முக்கியம். நோய் தெரியாமல், ரத்தம் போகும்போதெல்லாம் தட்டணு ஏற்றிக்கொண்டே இருந்தால், உடம்பு அதற்கு எதிர்ப்புரதம் உண்டாக்கிவிடும். பிறகு நாளைக்குப் பிரசவத்திலோ விபத்திலோ உயிர் போகும் நேரத்தில் ஏற்றும் தட்டணு வேலை செய்யாது. அப்புறம் இருக்கும் மருந்து ஏழை வாங்கக்கூடியது இல்லை. பெயர் தெரியாத ஒவ்வொரு வருடமும் அந்தப் பிள்ளையின் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பதுதான்.

இனி, சொல்லத் தயங்கும் விஷயம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 28 சதவீதப் பெண்களின் திருமணம் சொந்தத்துக்குள் நடந்தது. நாட்டிலேயே முன்வரிசை. அத்தை மகன், மாமன் மகள் என்ற உறவைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. சொத்து, பாதுகாப்பு, பாசம் எல்லாம் அதில் கலந்திருக்கிறது. ஆனால் தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரே பழுது மறைந்திருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். ஹீமோபிலியா பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருவது, இது அப்படி இல்லை. மாதா மாதம் சோதிக்கப்படுவது பெண் பிள்ளைதான்.

அவளைத்தான் மறைக்கவும் செய்கிறோம். "எழுதிக் கொடுத்துட்டா நாளைக்கு யாரு கட்டுவா?" என்றார் அதே ஆச்சி. அந்த வீட்டில் அடுத்த தலைமுறைக்கு ஏற்கெனவே ஒரு முறைமாப்பிள்ளை பேசி வைத்திருந்தார்கள். சொந்த அத்தை மகன். முடிவு கைக்கு வந்த பிறகு அந்தப் பேச்சு நின்றிருக்கிறது. நல்லதா கெட்டதா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. தெரிந்து முடிவெடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

சட்டத்துக்கும் இங்கே ஒரு கேள்வி உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ரத்தக் கோளாறு என்று மூன்றைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் அணுச் சோகை. அது பெரிய முன்னேற்றம். ஹீமோபிலியாவுக்கு அரசு மருத்துவமனையில் மருந்தும் கிடைக்கிறது, மகிழ்ச்சி. தட்டணுக் கோளாறுள்ள பிள்ளை மட்டும் அதே அளவு ரத்தம் சிந்தியும் பட்டியலுக்கு வெளியே நிற்கிறாள். புதிய வகைகளை அறிவிக்க மத்திய அரசுக்கு அதே சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஆனால் யாருக்கு நோய் என்றே கண்டுபிடிக்காத வரை, எத்தனை பேர் என்று யார் போய்க் கேட்பது?

இதைச் சொல்லும் தகுதி ஆய்க்குடிக்கு உண்டு என்று நினைக்கிறேன். 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் அமர் சேவா சங்கத்தை இங்கேதான் தொடங்கினார். 2020-ல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது. பிள்ளையின் குறையைச் சின்ன வயதிலேயே கண்டறிந்தால் அதன் வாழ்க்கை மாறும் என்பதை இந்த ஊர் வருடக்கணக்காகக் கண்ணால் பார்த்து வருகிறது. கை கால் குறை கண்ணுக்குத் தெரிகிறது. ரத்தத்துக்குள் இருக்கும் குறையும் அதே அக்கறைக்கு உரியதுதானே.

பள்ளியிலும் வேலை இருக்கிறது. 2013 முதல் பள்ளிச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு வந்து பல், கண், காது பார்க்கிறது. வாரா வாரம் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். சோகை இருக்கிறதா என்று பார்க்கிறோம், ரத்தம் எங்கே போகிறது என்று கேட்பதில்லை. மூக்கில் பத்து நிமிடத்துக்கு மேல் ரத்தம் நிற்காமல் வருமா, பல் விழுந்தபோது எவ்வளவு நேரம் கசிந்தது, மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டுகிறதா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா. இந்த நாலு கேள்விக்கு எந்த இயந்திரமும் வேண்டாம். பெண் ஆசிரியை ஒருவர் தனியாக உட்காரவைத்துக் கேட்டால் போதும்.

அந்தப் பிள்ளை இப்போது பத்தாம் வகுப்பு. புத்தகப் பையில் நோயின் பெயர், கொடுக்கக் கூடாத மருந்துகள், கூப்பிட வேண்டிய எண் எழுதிய அட்டை இருக்கிறது. போன வாரம் வந்தபோது "சார், நீங்க கபடி உதாரணம் சொன்னியளாம்ல, என்னய கபடி ஆட விட மாட்டாங்காவ" என்று சிரித்தாள். கேரம் போர்டில் அவளை ஜெயிக்க இப்போது தெருவில் ஆள் இல்லை.

வரும் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் ஒரு மனு கொடுக்கப் போகிறேன். நீட்டி முழக்கவில்லை, மூன்றே கோரிக்கை. ஒன்று, ரத்தம் நிற்காத பிள்ளைகளுக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விரல் குத்தித் தகட்டில் பார்க்கும் சோதனையும் கட்டி சுருங்கும் சோதனையும் செய்ய உத்தரவிட வேண்டும். இரண்டு, சந்தேகம் இருந்தால் ரத்தத்தை அரசு செலவில் இயந்திரம் இருக்கும் மருத்துவமனைக்கு அனுப்பி முடிவு வாங்கித் தர வேண்டும். மூன்று, பள்ளி மருத்துவக் குழுவின் படிவத்தில் அந்த நாலு கேள்வி சேர வேண்டும்.

கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் கீழே சொல்லுங்கள், தாளோடு நானே வருகிறேன். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சுரண்டை பக்கம் ஆய்வகம் வைத்திருக்கும் என் பழைய மாணவர்கள் பத்துப் பதினைந்து பேராவது இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்கு மனு வேண்டாம். மெஷின் 'நார்மல்' என்று சொல்லியும் ரத்தம் நிற்காமல் ஒரு பிள்ளை வந்தால், அந்த மூலையில் தூசி படிந்து கிடக்கும் மைக்ராஸ்கோப்பைத் துடைத்து ஒரு தகடு போட்டுப் பாருங்கள். கொத்து இல்லையென்றால் ரிப்போர்ட்டில் அதை ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.